துணித் தொப்பியுடன் நுழைந்த தொழிலாளி

1892-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள். இலண்டன் மாநகரில் பாராளுமன்ற வாயில். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வந்துகொண்டிருக்கிறார்கள். சீமான்கள், சீமான் வீட்டுச் செல்வப் பிள்ளைகள், ஆலை அதிபர்கள், சுரங்க முதலாளிகள், வழக்கறிஞர்கள், ஓய்வு பெற்ற படைத் தலைவர்கள்! நீண்ட கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்டு விறைத்த கழுத்துப் பட்டை, தலையிலே பளபளக்கும் நெட்டைப் பட்டுத் தொப்பி — இதுதான் அவர்களுடைய கோலம். இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதிய சட்டத்தைவிட வலிவு வாய்ந்தது எழுதாத சம்பிரதாயம்!

அப்போது ஒரு வண்டி வருகிறது. சாரட்டு அல்ல; இரட்டைக் குதிரை பூட்டிய சாதாரண வண்டி. கப்பல் துறையிலே மூட்டை சுமப்போரும் எரிவாயுத் தொழிற்சாலையிலே கரி வாரிக் கொட்டுவோரும் வாழும் கிழக்கு இலண்டன் பகுதியிலிருந்து, தங்கள் பிரதிநிதியை அந்தத் தொழிலாளத் தோழர்களே அழைத்து வருகிறார்கள். வண்டியிலே ஒருவர் ஊதுகொம்பிலே பிரெஞ்சுப் புரட்சிப் பாடலை முழக்குகிறார். வண்டியிலிருந்து இறங்குகிறார், தாடி வைத்த முப்பத்தைந்து வயது மனிதர். முரட்டுக் கம்பளிக் கோட்டு, முரட்டுக் கம்பளிக் காற்சட்டை, தலையிலே துணித் தொப்பி!

பதறிற்று பாராளுமன்றம். சீறின சீமான்களின் ஏடுகள். அவைக்கு அவமானம் என்றன. மரபுக்கு இழுக்கு என்றன. ஒற்றை ஊதுகொம்பைப் பெரிய பாண்டு வாத்தியமாக்கி எழுதின. வாயிற்காவலர் அவரைக் கூரை வேலைக்கு வந்த ஆள் என்று எண்ணி விசாரித்ததாகவும், கூரையிலே அல்ல, அவைக்கு உள்ளேதான் எனக்கு வேலை என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதையும் பிறந்தது. கதை நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையை நம்புவதற்கு நாடு தயாராக இருந்தது. தொழிலாளி என்றால் கூரை வேயத்தான் வருவான், கூரையின் கீழ் உட்கார வருவானா என்பதுதானே அன்றைய நினைப்பு!

அந்தத் துணித் தொப்பிக்காரர்தான் கீர் ஹார்டி. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தந்தை என்று வரலாறு வணங்கும் வீரர். அவர் வாழ்ந்த வாழ்வு, தோழர்களே, நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்வு.

ஓரறை வீட்டிலே பிறந்தவர்

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டு லானார்க்குப் பகுதியில், ஓர் ஓரறை வீட்டிலே அவர் பிறந்தார். தாய் மேரி கீர், பிறர் வீட்டிலும் பண்ணையிலும் வேலை செய்து வயிறு வளர்த்த பெண். திருமணம் ஆகாமலே பெற்ற பிள்ளை அவர். பின்னர் டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை அந்த அம்மை மணந்தார். தச்சரின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று.

பள்ளிக்கூடம்? பள்ளிக்கூட வாசற்படியை மிதிக்க ஏழைப் பிள்ளைக்கு ஏது நேரம்? ஏழெட்டு வயதிலேயே வேலைக்குப் போனான் சிறுவன். எழுத்தறிவு தந்தவள் தாய்தான்.

1866-ஆம் ஆண்டு. கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்களிலே முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். மாதக் கணக்கில் வேலையில்லை. தச்சரின் கைக்கு வேலை போயிற்று. வீட்டு அடுப்புக்கு நெருப்புப் போயிற்று. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலை போயிற்று. தாய் நிறைமாதக் கர்ப்பிணி. தம்பி ஒருவன் காய்ச்சலிலே கிடக்கிறான். குடும்பம் முழுவதற்கும் வருவாய், கிளாஸ்கோ நகர ரொட்டிக் கடையிலே அந்தச் சிறுவன் வாங்கி வரும் வாரக் கூலி மூன்றரை ஷில்லிங்! அதற்கு அவன் உழைத்த நேரமோ, நாளொன்றுக்குப் பன்னிரண்டரை மணி.

இரவெல்லாம் நோயாளித் தம்பிக்குப் பணிவிடை செய்து கண் விழித்த பிள்ளை, காலையிலே கால் மணி நேரம் தாமதமாகப் போனான். ஒரே வாரத்தில் இரண்டாவது முறை! முதலாளி மாடியிலே இருக்கிறார், போய்ப் பார் என்றார்கள். போனான். வாயிலிலே நிறுத்தினார்கள். உள்ளே முதலாளி குடும்பத்தோடு ஆண்டவனைத் துதித்துக்கொண்டிருந்தார்! துதி முடியும்வரை, மழையிலே நனைந்த துணியோடு, பசித்த வயிற்றோடு காத்து நின்றான் பிள்ளை. பிறகு அழைத்தார்கள். மேசையின் மேலே பதார்த்தங்கள். சுற்றிலும் முதலாளியின் பெண்டு பிள்ளைகள். கருணை வடிவான கடவுளைத் தொழுது முடித்த அந்த வாய் சொன்ன சேதி என்ன தெரியுமா? வேலை போயிற்று, ஒரு வாரக் கூலி அபராதம்!

வீட்டுக்கு எப்படிப் போவான்? தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பான்? மழையிலே தெருத்தெருவாகச் சுற்றினான். அன்று இரவு அந்த வீட்டிலே இன்னொரு குழந்தை பிறந்தது. நோயாளித் தம்பி பிறகு பிழைக்கவும் இல்லை.

அந்தக் காலைப் பொழுதை ஹார்டி வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. வழிபாட்டிலே குறையில்லை, உடையிலே அழுக்கில்லை, மேசை மரியாதைகளிலே ஒரு பிழையில்லை. எல்லா ஒழுங்கும் அந்த வீட்டிலே இருந்தது, இரக்கம் ஒன்றைத் தவிர! சீமான்கள் சொல்லும் ஒழுங்கு எத்தகையது என்பதை அந்தச் சிறுவன் அன்றே கற்றுக்கொண்டான்.

இருட்டிலே ஒரு பள்ளிக்கூடம்

பத்து வயதிலே நிலக்கரிச் சுரங்கம் அவனை விழுங்கிற்று. பூமிக்கு அடியிலே, காற்றோட்டத்துக்கென்று வைத்த கதவருகே உட்கார்ந்திருக்க வேண்டும். கரி வண்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். சின்னஞ்சிறு விளக்கு ஒன்றுதான் துணை. பனிக்காலத்தில் விடியுமுன் இறங்கி, இருட்டிய பின் ஏறும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் சூரியன் உண்டு!

அந்த இருட்டையே அவன் பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டான். கல்லை விளக்குப் புகையிலே காட்டிக் கறுப்பாக்கி, ஊசி முனையாலே அதன்மேல் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினான். தெருவிலே கிடந்த தாள், கடைக் கண்ணாடிக்குள் விரித்து வைத்த புத்தகம் — கண்ணிலே பட்டதெல்லாம் அவனுக்குப் பாடம். இப்படி வளர்ந்தவர்தான் பிற்காலத்தில் ஏடு நடத்தினார். எதிரிகள் நடுங்க எழுதினார்.

வாலிபத்திலே சுரங்கத் தோழர்களின் குறைகளை எடுத்துச் சொல்ல முன்வந்தார். விளைவு? அவர் பெயரும் அவருடைய தம்பிமார் பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறின. எந்தச் சுரங்கமும் வேலை தரவில்லை. முதலாளி அவரைக் குழியிலிருந்து வெளியே தள்ளினான்; அவரோ சங்கத்தைக் கட்டும் முழுநேரத் தொண்டராக நிமிர்ந்தார். கம்னாக் என்ற ஊரிலே குடியேறினார்; ஏட்டுக்கு எழுதினார்; 1886-இல் அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார்; 1887-இல் சுரங்கத் தொழிலாளருக்கென்றே ஓர் ஏடு தொடங்கினார்.

அந்நாளிலே தொழிலாளர் பெரும்பாலோர் லிபரல் கட்சியை நம்பியிருந்தனர். சுரங்கத்திலே உழைத்த இருவர் 1874-லேயே பாராளுமன்றம் சென்றதுண்டு. ஆனால் அவர்கள் லிபரல் கட்சிக் கூடாரத்திலே ஒரு மூலையிலே இடம் பெற்றவர்கள். 1888-இல் மிட்-லானார்க் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சி ஹார்டியை ஏற்கவில்லை. தனித்து நின்றார். அப்போது லிபரல் கட்சியின் சார்பில் பேரம் பேச வந்தனர். இப்போது விலகிக்கொள்ளுங்கள், அடுத்த பொதுத் தேர்தலில் உறுதியான தொகுதி ஒன்று தருகிறோம், ஆண்டுக்கு 300 பவுன் பணமும் தருகிறோம் என்றனர். 300 பவுன்! மூன்றரை ஷில்லிங்குக்காகக் கண்ணீர் விட்ட கைக்கு முன்னே 300 பவுன்! வேண்டாம் என்றார் ஹார்டி. தேர்தலிலே அவருக்குக் கிடைத்தது 617 வாக்கு, கடைசி இடம். எதிரிகள் சிரித்தனர். நான்கே ஆண்டுகள்! 1892-இல் தெற்கு வெஸ்ட்ஹாம் தொகுதியில் 1,232 வாக்கு அதிகம் பெற்று வென்றார். அந்த வெற்றியோடுதான் துணித் தொப்பி பாராளுமன்றம் சென்றது.

அவை அல்ல, கிளப்!

இலண்டனிலே உள்ள கிளப்புகளில் எல்லாம் சிறந்த கிளப் என்று பாராளுமன்றத்தைச் சீமான்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வேடிக்கைக்குச் சொன்னது அல்ல, உண்மையே அதுதான். சாப்பாட்டு அறை உண்டு, புகை பிடிக்கும் அறை உண்டு, நூலகம் உண்டு, ஆற்றங்கரைத் திண்ணை உண்டு. தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அவை என்பது வெளியே சொல்லும் பேச்சு. உள்ளே, ஒரே பள்ளியிலே படித்து, ஒரே விருந்திலே உண்டு, ஒருவர் வீட்டிலே ஒருவர் பெண் கொண்டு, ஒரே தையற்காரனிடம் உடை தைத்துக்கொள்வோரின் கூட்டம்!

அங்கே தொப்பிக்கு இருந்த மதிப்பைக் கேளுங்கள். உறுப்பினர்கள் 670 பேர். அத்தனை பேருக்கும் உட்கார அவையிலே இடம் கிடையாது. முன்னதாக வந்து தன் தொப்பியை இருக்கையின் மேல் வைத்துவிட்டால் அந்த இடம் அவருக்கு. வாக்கெடுப்பு நடக்கும் வேளையில் ஒழுங்குப் பிரச்னை எழுப்ப வேண்டுமானால், உட்கார்ந்தபடி, தலையிலே தொப்பி அணிந்துதான் பேச வேண்டும். இந்த மண்டபத்துக்குள்ளேதான், சீமான் வீட்டுத் தொப்பி அல்லாத ஒரு தொப்பி நுழைந்தது.

இனி, இன்னொரு வேடிக்கை. அன்று ஹார்டி அணிந்தது தொழிலாளியின் துணித் தொப்பி என்றே உலகம் பேசிற்று. உண்மையிலே அது, மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அணியும் வகையைச் சேர்ந்த தொப்பி என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் படங்களிலே பார்க்கிறோமே, அந்த மாதிரி! மான் வேட்டைக்குப் போகிறவன் யார்? சீமான்தானே! முரட்டுக் கம்பளிக் கோட்டும் நாட்டுப்புறப் பண்ணை மாளிகையிலே சீமான் அணிகிற உடைதானே!

ஆக, குற்றம் துணியிலே இல்லை, தோழர்களே! அதே கம்பளி, அதே தொப்பி. சீமான் அணிந்தால் வேட்டைக் கோலம். சுரங்கத் தொழிலாளி அணிந்தால் அவைக்கு அவமானம்! சீமான் மரபை மீறினால் அது அவருடைய தனிப்போக்கு, ரசிக்கத்தக்க குறும்பு. உழைப்பாளி மரபை மீறினால் அது ஒழுங்கீனம், நாட்டுக்கு ஆபத்து. உடை விதி என்பது உடையைப் பார்த்துப் போட்ட விதி அல்ல. உடைக்குள்ளே இருக்கும் ஆளைப் பார்த்துப் போட்ட விதி. ஆள் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வெட்கம். ஆகவே தொப்பி பிடிக்கவில்லை என்று சொல்லுவார்கள்!

பட்டுத் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டால் தொல்லை தீர்ந்ததே என்று நண்பர் சிலர் நினைத்திருக்கலாம். ஹார்டி மாட்டிக்கொள்ளவில்லை. ஏன்? கையிலே காசில்லை என்பது மட்டும் அல்ல. தன்னை அனுப்பியவர்கள் மூட்டை சுமப்போர். அவர்கள் கண்ணுக்குத் தான் அந்நியனாகத் தோன்றலாகாது என்ற எண்ணம். பட்டுத் தொப்பிக்குள்ளே நுழையும் தலை, மெல்ல மெல்லப் பட்டுத் தொப்பிக்காரனைப் போலவே எண்ணத் தொடங்கும் என்ற எச்சரிக்கை.

இதைவிடப் பெரிய உடை விதி ஒன்றும் அந்தக் கிளப்பிலே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத விதி. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது! 1911-ஆம் ஆண்டு வந்த பிறகுதான் ஆண்டுக்கு 400 பவுன் என்று ஏற்பாடாயிற்று. அதுவரை, சொத்துள்ளவனுக்கே அவை. யாரும் வரலாம் என்று கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வந்தவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. ஹார்டி எழுதிப் பிழைத்தார். கூட்டங்களிலே பேசிக் கிடைத்ததைக் கொண்டு பிழைத்தார். பின்னாளில் இலண்டனிலே நெவில்ஸ் கோர்ட் என்ற சந்திலே பழைய வீடு ஒன்றில் எளிய அறையிலே தங்கி, தாமே தேநீர் காய்ச்சிக் குடித்து, நாட்டின் தலைவிதியை நிர்ணயிக்கும் அவைக்கு நடந்து போனார்.

290 பிணங்களும் ஒரு தொட்டிலும்

1894-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள். வேல்ஸ் நாட்டிலே, ஆல்பியன் சுரங்கத்திலே வெடிவிபத்து. 290 பேர், பெரியவரும் சிறுவரும், கரிக்குழிக்குள்ளே மாண்டார்கள். அதே நாள் அரண்மனையிலே ஒரு குழந்தை பிறந்தது. விக்டோரியா அரசியாருக்குக் கொள்ளுப்பேரன்.

பாராளுமன்றம் என்ன செய்தது? இளவரசர் பிறந்ததற்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. அந்த நாட்களிலேதான் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ கொலையுண்டார். அதற்கும் அவை இரங்கிற்று. 290 தொழிலாளருக்கு? அந்தக் குடும்பங்களுக்கும் ஓர் அனுதாபச் சொல்லைத் தீர்மானத்திலே சேருங்கள் என்று கேட்டார் ஹார்டி. சேர்க்க மறுத்தனர்.

எழுந்தார் சுரங்கத்திலிருந்து வந்தவர். அந்தக் குழியின் இருட்டு எப்படி இருக்கும், அந்தக் காற்றுக் கதவு எப்படி இருக்கும் என்று அந்த அவையிலே அவரைப்போல் அறிந்தவர் எத்தனை பேர்? நாடே மகிழ்கிறது என்று சொல்லும் இந்தக் குழந்தையைச் சுற்றிப் பிறந்த நாள் முதல் துதிபாடிகள் சூழ்வார்கள், உலகச் சுற்றுப்பயணம் அனுப்புவார்கள், பிறகு தகுதிக்குப் பொருந்தாத திருமணம் பற்றிப் பேச்சு எழும், கடைசியில் நாடுதான் செலவுக் கணக்கைக் கட்டும் என்ற கருத்திலே பேசினார். கூச்சலிட்டனர், ஊளையிட்டனர், அவை மரியாதை பேசிய அதே கனவான்கள்! ஒற்றை ஆளாக நின்று பேசி முடித்தார்.

அந்தக் குழந்தைதான் எட்டாம் எட்வர்டு. உலகம் சுற்றினார், 1936-இல் திருமண விவகாரத்திலேயே முடி துறந்தார். கணிப்பு பலித்தது என்பதல்ல இங்கே நமக்குப் பெரிது. கறுப்புக் கோட்டு அணியத் தெரிந்த அவைக்கு, கரி படிந்த பிணங்களுக்காக ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. அதைச் சுட்டிக்காட்ட ஒரு துணித் தொப்பி வரவேண்டியிருந்தது! அதுதான் பெரிது.

1895-இல் ஹார்டி தோற்றார். சோர்ந்தாரா? இல்லை. 1893-லேயே பிராட்போர்டு நகரில் சுயேச்சைத் தொழிற்கட்சியைத் தோழர்களோடு சேர்ந்து அமைத்திருந்தார். ஊர் ஊராகச் சென்றார். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் இலண்டன் நினைவு மண்டபத்திலே தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டு அமைப்புகளும் கூடின. தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு பிறந்தது. அதே ஆண்டு மெர்தர் தொகுதி — சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதி — அவரை மீண்டும் அவைக்கு அனுப்பிற்று. 1906-இல் 29 பேர் வென்றனர். குழு, தொழிற்கட்சி என்ற பெயர் பூண்டது. அவையில் அதன் முதல் தலைவர் கீர் ஹார்டி. ஒற்றைத் தொப்பியாய் நுழைந்தது, பதினான்கே ஆண்டுகளில் ஒரு கட்சியாய் அமர்ந்தது!

விருந்துப் பட்டியல்

1907-இல் உலகப் பயணம் புறப்பட்ட ஹார்டி இந்தியாவுக்கும் வந்தார். வங்காளத்தை இரண்டாகப் பிளந்துவிட்டு வெள்ளையாட்சி கொந்தளிப்பைக் கண்டு மிரண்டிருந்த நேரம். சிற்றூர்களுக்குச் சென்றார், மக்களோடு பேசினார், கனடா நாட்டுக்கு இருப்பது போன்ற தன்னாட்சி இந்தியாவுக்கும் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். இலண்டன் ஏடுகள் கொதித்தன. ராஜத் துரோகம் என்றன. அவரோ 1909-இல் தாம் கண்டதை நூலாகவே எழுதினார். தென்னாப்பிரிக்காவிலே கறுப்பருக்கும் தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும் என்ற கொள்கைக்காகக் கல்லடி பட்டார். தன் நாட்டு முதலாளியை எதிர்ப்பது ஒரு வீரம். தன் இனத்தாரின் ஆணவத்தையே எதிர்ப்பது அதனினும் பெரிய வீரம்.

1908-இல், ரஷ்ய ஜார் மன்னனைக் காண ஏழாம் எட்வர்டு மன்னர் சென்றார். தன் குடிகளின் இரத்தம் தோய்ந்த கையையா எங்கள் நாட்டின் பெயரால் குலுக்குவது என்று ஹார்டி கண்டித்தார். சிறிது காலத்தில் அரண்மனைத் தோட்டத்திலே ஒரு விருந்து. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அழைப்பு. பட்டியலிலே ஹார்டியின் பெயர் இல்லை! வேறு சிலரின் பெயரும் இல்லை.

விருந்துக்கு ஏங்கும் ஆளா ஹார்டி? அல்ல. ஆனால் இங்கேதான் ஒரு வாதம் எழுகிறது. அது மன்னரின் சொந்த விருந்து. யாரை அழைப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம் என்றார்கள். சொந்த வீட்டு விருந்தென்றால் சொந்தக்காரரை அழைக்கட்டும்; கேட்பாரில்லை. பாராளுமன்ற உறுப்பினர் என்ற தகுதியிலே எல்லோரையும் அழைத்துவிட்டு, அவையிலே பேசிய பேச்சுக்காக ஒருவரை மட்டும் விலக்கினால், விலக்கப்பட்டவர் ஹார்டி அல்ல, மெர்தர் தொகுதிச் சுரங்க மக்கள்! தொழிற்கட்சி இதை உணர்ந்தது. ஹார்டியின் பெயர் சேரும்வரை எங்கள் பெயர்களையும் எடுத்துவிடுங்கள் என்ற நிலையை மேற்கொண்டது. ஒருவனுக்கு மூடிய கதவு எங்கள் அனைவருக்கும் மூடிய கதவு என்பதுதானே தொழிற்சங்கப் பாடம்!

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று, தன் கட்சியிலேயே சிலர் முகம் சுளித்தபோதும் முழங்கினார். 1914-இல் போர் மூண்டது. தொழிலாளி தொழிலாளியைச் சுடுவதா என்று எதிர்த்தார். தன் தொகுதியிலேயே, அபர்டேரில், அவர் கூட்டத்தைக் கலைத்தனர். அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களே கூச்சலிட்டனர். அந்த அடியிலிருந்து அவர் உடல் எழவில்லை. 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கிளாஸ்கோவிலே கண் மூடினார். வயது 59.

நமக்கு என்ன பாடம்?

1924-ஆம் ஆண்டு ஜனவரியில், ஹார்டி விதைத்தது விளைந்தது. தொழிற்கட்சி ஆட்சிப் பீடம் ஏறிற்று. உடனே எழுந்த பேச்சு என்ன தெரியுமா? அரண்மனைக்குப் போகும்போது அமைச்சர்கள் என்ன உடை உடுத்துவது! பொன்னிழைச் சரிகை வைத்த சட்டை, முழங்கால்வரைக் காற்சட்டை, இடுப்பிலே வாள்! பிரதமர் மக்டனால்டு — ஹார்டியோடு தோளோடு தோள் நின்று கட்சி வளர்த்தவர் — அந்தச் சரிகை உடையை அணிந்தார். 1931-இல், அதே மக்டனால்டு கட்சியைப் பிளந்து, டோரிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார். கட்சி அவரை விலக்கிற்று. சரிகைச் சட்டைதான் அவரைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. நெருக்கடி இருந்தது, காரணங்கள் பல இருந்தன. ஆனால் கிளப்பிலே மெல்ல மெல்ல வசதியாக உட்காரப் பழகியவருக்கு, வெளியே நிற்பவனின் குளிர் மெல்ல மெல்ல மறந்துபோகும் என்பதை மட்டும் மறுக்க முடியுமா?

இலண்டன் கிளப்பின் இந்தக் கதை கடல் தாண்டி நம் வாசலுக்கும் வந்ததுதான். 1832-இல் வெள்ளைக்காரர் சென்னையிலே கிளப் வைத்தனர். இந்த மண்ணின் மக்களுக்கு அதிலே உறுப்பினராக இடமில்லை. வெள்ளையர் போயினர், விதிப் புத்தகம் போகவில்லை. 2014 ஜூலைத் திங்களில், சேப்பாக்கத்திலே கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பிலே நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை வாயிலிலே தடுத்தார்கள். எங்கள் கிளப், எங்கள் விதி என்பதுதான் அங்கேயும் வாதம். நாடு கொதித்தது. அடுத்த திங்களே சட்டமன்றத்திலே சட்டம் வந்தது. வேட்டி கட்டி வருபவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்!

நல்ல சட்டம்; வரவேற்போம். ஆனால் ஹார்டியின் வாழ்வைப் படித்தவன் அத்தோடு நிற்க மாட்டான். தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் நாடு கேட்டது. அதே வாயிலிலே, அதே வேட்டியோடு, மூட்டை சுமக்கும் தோழர் ஒருவர் தடுக்கப்பட்டிருந்தால்? ஏடுகள் எழுதியிருக்குமா? வேட்டியை அனுமதிக்கச் சட்டம் போட்டுவிட்டோம். வெளுத்த வேட்டியையும் அழுக்கு வேட்டியையும் ஒரே கண்ணால் பார்க்க எந்தச் சட்டம் கற்றுக்கொடுக்கும்? அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியது இயக்கம், நாம்!

தோழர்களே! நம்மிலே சிலர் நாளை ஊராட்சிக்குப் போவீர்கள், நகராட்சிக்குப் போவீர்கள், சட்டமன்றத்துக்கும் போவீர்கள். போகும் இடத்திலே நாற்காலி மெத்தென்று இருக்கும். சீமான் கை கொடுப்பான், விருந்துக்கு அழைப்பான், இந்த உடை உங்களுக்கு எடுப்பாக இல்லையே என்று அன்போடுதான் சொல்லுவான். எந்த உடையையும் உடுத்துங்கள். அது உங்கள் உரிமை. கோட்டு அணிவதும் குற்றமல்ல, வேட்டி கட்டுவதால் மட்டும் விடுதலையும் வந்துவிடாது. ஆனால் உங்கள் தோழனுக்கு மூடிய கதவு உங்களுக்கு மட்டும் திறக்குமானால், அந்த வாயிலிலே நில்லுங்கள். ஏன் மூடினாய் என்று கேளுங்கள். விதி எங்கே எழுதியிருக்கிறது, அது எல்லோருக்கும் பொருந்துமா, முதலாளி மகனுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை உள்ளே போகாதீர்கள். உள்ளே போய்விட்டால், வெளியே நிற்பவனை மறக்காதீர்கள்.

துணித் தொப்பி கிழிந்திருக்கும், மண்ணாகிப் போயிருக்கும். அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்த தலை மட்டும் ஒரு நாளும் குனியவில்லை. கீர் ஹார்டி விட்டுச் சென்ற சொத்து அவ்வளவுதான். உழைப்பவருக்கு அது போதும்!